படைப்பதற்கு முன்னால் எடுத்து வைத்தது

27 ஆகஸ்ட், புதன், இரவு

காலையில் எதிர் ஃபிளாட் கலா அக்கா கொழுக்கட்டை டப்பாவோடு வந்து நின்றார். கேளம்பாக்கத்துக்குக் குடிவந்த நாளிலிருந்து ஒவ்வொரு விநாயகர் சதுர்த்திக்கும் கொடுக்கிறார். நானும் சிரித்த முகமாக வாங்கிக்கொள்வேன். அப்புறம் பேப்பரில் சுற்றிக் குப்பை பக்கெட்டில் போட்டுவிடுவேன். சாமிக்குப் படைத்ததைச் சாப்பிடக் கூடாது என்றே வளர்ந்தவள் நான். அதை அவரிடம் நேராகச் சொல்லத்தான் தைரியம் வந்ததில்லை.

இன்று நான் கையை நீட்டியதும் அக்கா சொன்னார்: "எஸ்தரு, இது படைக்கறதுக்கு மின்னாடியே உனக்குன்னு தனியா எடுத்து வச்சது. பயப்படாம துன்னு."

எனக்கு உடம்பே கூசிப்போனது. "உங்களுக்கு எப்பிடிக்கா தெரியும்?"

"உன் பக்கெட்டு டெய்லி வாசல்லதான கீது? போன வர்சமே பேப்பரு பிரிஞ்சு கொழுக்கட்ட கெடந்தத பாத்தேன். அதுக்கு இன்னா இப்ப? சூடு ஆறதுக்குள்ள துன்னு."

குரலில் துளி கோபம் இல்லை. கதவைச் சாத்திவிட்டு, அடுப்படியில் நின்றபடியே டப்பாவில் இருந்த அஞ்சையும் தின்று தீர்த்தேன். அவ்வளவு ருசி. இப்படி ஒருத்தரை எதிர் வீட்டில் வைத்ததற்கு ஸ்தோத்திரம் ஆண்டவரே.

ஆனாலும் தூக்கம் வரவில்லை. கிறிஸ்துமஸ் கேக்கை நாங்கள் ஜெபம் பண்ணித்தான் வெட்டுவோம். முதல் துண்டு அக்காவுக்குத்தான் போகும். ஜெபம் பண்ணினதா என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. வாசலிலேயே நின்று, என் கண் முன்னாலேயே சாப்பிட்டுவிட்டு, இன்னொரு துண்டு கேட்பார்.