சீமாட்டியைக் கறந்துவிட்டேன்

கொட்டிலில் சீமாட்டியைக் காணோம் என்று ஊரைக் கூட்டாதீர்கள். நான்தான் வண்டியில் ஏற்றி மாட்டு டாக்டரிடம் கொண்டுபோகிறேன். இன்றைக்கு அவளுக்கு ஆட்டுக் கண்காட்சி கிடையாது.

"மடி நிறைஞ்சு நின்னாதான் நடுவர் கண்ணுல படும். ஒரு வேளை கறக்காம விட்டா ஆடு செத்தா போயிடும்?" என்று நேற்று மாலை கேட்டீர்களே. சாகவில்லை. காலை அகட்டி நிற்கிறாள், படுக்க முடியவில்லை. மடியின் இடது பக்கம் கல்லாய் இறுகிக் கொதிக்கிறது. கறந்தேன். பால் திரிதிரியாக, ரத்தச் சாயலோடு வந்தது. அந்தப் பக்கம் இனிச் சுரக்காமலே போகலாம்.

தராசுத் தட்டுக்கு அடியில் புளியை ஒட்டி விற்றவர்கள் நடுவில் வளர்ந்தவள் நான். இந்த வித்தை எனக்குப் புதிதில்லை. ஆனால் எங்கள் தட்டுக்கு வலித்ததில்லை.

வாசலில் மூடி வைத்திருக்கும் வாளியைக் குழியில் கொட்டுங்கள். அதைக் குட்டிகளுக்கு மறந்தும் கொடுக்காதீர்கள். அவற்றுக்கு மற்ற ஆடுகளின் பாலைப் புட்டியில் ஊற்றி வைத்திருக்கிறேன். உங்கள் சாப்பாடு அடுப்பருகே இருக்கிறது. நான் வந்ததும் சண்டை போடத் தெம்பு வேண்டும், சாப்பிடுங்கள்.

கண்காட்சிக்காரர் போன் செய்தால் காய்ச்சல் என்று சொல்லுங்கள். யாருக்கென்று கேட்கமாட்டார்.

தாளில் இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: அவளை வண்டியில் ஏற்றும்போது நீங்கள் உள்ளே தூக்கத்தில் இருமினீர்கள். வலியில் படுக்கக்கூட முடியாதவள், அந்தப் பக்கம் காதைத் திருப்பி உங்களைக் கூப்பிட்டாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.