எச்சில் படாமல் வைன்

பெப்ரவரி 7, வெள்ளி

புழுக்கம். காலையில் காயப்போட்ட துணி மாலையிலும் ஈரம்.

மதியம் மாலதி நான் வேலை செய்யும் நூலகத்துக்கே வந்துவிட்டாள். ஆல்பனியில் எங்கள் கட்டிடத்தின் மேல்மாடியில், கணினிப் பிரிவில் அவளுக்கு வேலை. கோயம்புத்தூர்க்காரி, என்னைவிட ஆறேழு வயது இளையவள். நாளை வைன் சுவைக்கப் போகிறோமாம். வருகிறீர்களா என்று கேட்கவில்லை.

திட்டம் எல்லாம் அவளுடையது. வான் வண்டி பிடித்து அழைத்துப் போகும் சுற்றுலா பணக்காரருக்கு. நாங்கள் என் காரில். இருவருக்கும் சேர்த்து ஒரே வைன் தட்டு. ஒரு போத்தல் வாங்கினால் சுவைத்த கட்டணத்தைக் கழித்துவிடும் தோட்டங்களை மட்டும் தேடி வைத்திருக்கிறாள். சாப்பாடு புளிசாதம், காருக்குள். ஓட்டுபவர் குடிக்கக் கூடாது, மணந்து பார்க்கலாம்.

"நீங்க ஓட்டுங்கக்கா. மோந்து பாக்குறதுதான் பாதி ருசியே."

வேறு எதைக் கேட்டிருந்தாலும் யோசிக்காமல் சரி என்றிருப்பேன்.

எனக்கு மணம் தெரியாமல் போய் ஒன்றரை வருடம். கொரோனாக் காய்ச்சலோடு போனது. மருத்துவர் தவிர யாருக்கும் தெரியாது. எலுமிச்சை, கராம்பு, காலை மாலை மணந்து பழகுங்கள், வரலாம், வராமலும் போகலாம் என்றார். வைனிலாவது ஏதாவது தட்டுப்படுமா என்று ஒரு நப்பாசை, சரி என்றேன். எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

சமைக்கும்போது இவர் வழக்கம்போல் குசினிக்குள். ஒரு கிளாஸ் தண்ணீர் பிடித்து, அடுப்புக்குப் பக்கத்தில் நின்று, "மிளகு தூக்கலா மணக்குது" என்று சொல்லிவிட்டு, குடிக்காமலே வைத்துவிட்டுப் போனார். கலியாணம் கட்டி இருபத்திரண்டு வருடத்தில் இல்லாத பழக்கம், இப்போது கொஞ்ச காலமாக. கழுவ இன்னொரு கிளாஸ்.

பெப்ரவரி 8, சனி

கூமியூவில் ஒரு வைன் தோட்டம். வெயில். பறவைகளுக்குப் பயந்து கொடிகளுக்கெல்லாம் வெள்ளை வலை.

ஒரு தட்டில் ஐந்து கிளாஸ், ஒவ்வொன்றிலும் இரண்டு வாய். ஊற்றிய பெண்ணுக்குப் படிக்கிற வயது. பக்கத்தில் துப்புவதற்கு ஒரு சிறு வாளி.

"காசு குடுத்துட்டு இதுல துப்பணுமா?" மாலதி. தமிழ் புரியாமல் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள்.

முதல் வெள்ளை வைனில் கூஸ்பெரி மணம் இருக்கிறது என்றாள் அந்தப் பெண். கூஸ்பெரி என்றால் நெல்லிக்காய் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது. மாலதி மூக்கை நுழைத்தாள், முகம் சுளித்தாள், என் பக்கம் தள்ளினாள். நானும் நுழைத்தேன். குளிர் மட்டும் தெரிந்தது.

"ஓம், நல்ல நெல்லிக்காய் மணம்," என்றேன். அதோடு நிறுத்தாமல், மழை பெய்தபின் நெல்லி மரத்தடி மாதிரி என்றும் சேர்த்துவிட்டேன். ஏன் சேர்த்தேனோ. மாலதி என்னை ஒரு மரியாதையோடு பார்த்தாள்.

பிறகு வந்த நான்குக்கும் ஒவ்வொரு பொய். பீச், தேன், புகை, தோல் செருப்பு. இந்த வைன்காரர்களின் பேச்சில் பாதி இப்படித்தான் வந்திருக்கும் என்று எனக்கு எப்போதும் சந்தேகம். இன்று உறுதி.

மலிவான போத்தல் ஒன்று. கட்டணம் கழிந்தது. புளிசாதம் நன்றாக இருந்தது என்றாள் மாலதி. புளி தெரிந்தது. மற்றது தெரியவில்லை.

பெப்ரவரி 9, ஞாயிறு

காலையிலேயே மாலதியின் போன். இந்த ஊர் கூஸ்பெரி வேறு பழமாம். முள் செடியில் காய்ப்பது. நம் நெல்லிக்கும் அதற்கும் உறவே இல்லையாம்.

"நம்ம நெல்லிக்காய்க்கு ஏதுக்கா அப்படியொரு வாசனை? இல்லாத வாசனை உங்களுக்கு மட்டும் எப்படி வந்துச்சு?"

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"மழை பெஞ்ச மரத்தடி வேற."

சொல்லிவிட்டேன். இரண்டு வாக்கியம். அவள் சிரிக்கவில்லை, மாலதிக்கு அது பெரிய விஷயம். வீட்டில் சொன்னீர்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். ஏன் என்றாள். குக்கர் விசிலடிக்கிறது என்று வைத்துவிட்டேன். அடிக்கவில்லை.

ஏன் என்பதை இங்கே எனக்காக எழுதுகிறேன்: இந்த வீட்டுக்கு மூக்கு நான்தான். பால் திரிந்ததா, மீன் நல்லதா, எல்லாவற்றையும் இவர் என்னிடம்தான் நீட்டுவார். சொன்னால் அதோடு முடிவாகிவிடும். பிறகு இவர் என்னைப் பார்த்துக்கொள்ளத் தொடங்குவார். முன்பொருமுறை நான் சத்திரசிகிச்சை முடிந்து வந்தபோது தலையணை முதல் செருப்பு வரை எடுத்து வைத்தவர். எனக்குப் பயம் அதுதான். கவனிக்கப்படுவது.

பெப்ரவரி 12, புதன்

தூறல். கராம்பு: இல்லை. எலுமிச்சை: இல்லை. சவர்க்காரம்: இல்லை.

மாலை வெலிங்டனில் இருந்து மகள் போனில். நான் தமிழில், அவள் ஆங்கிலத்தில், அரை மணி நேரம். அடுப்பில் பருப்பு. இவர் எழும்பிப் போய் அடுப்பை நிறுத்தினார். அடிப்பிடித்துவிட்டது. தண்ணி குடிக்கப் போனனான் என்றார். நல்ல வேளை.

யோசித்தால், இவர் பால் போத்தலை என்னிடம் நீட்டிக் கன நாளாகிறது. மறந்துவிட்டார் போல.

மாலதியின் செய்தி: அடுத்தது வைஹீக்கித் தீவு. படகு, பிறகு சாதாரண பஸ், அதே பயண அட்டை போதும். கார் இல்லாததால் இருவரும் குடிக்கலாம். கீழே: "மூக்கு இல்லாட்டி என்ன, நாக்கு இருக்குல்ல?"

துணிச்சல்காரி.

பெப்ரவரி 22, சனி

காற்று. படகில் மாலதியின் துப்பட்டா பக்கத்து இருக்கைக்காரர் முகத்தில். பஸ் இறங்கி மேடு ஏற்றம், செருப்பெல்லாம் புழுதி. மேலே போனால் கடல், கொடி, கடல்.

ஒரு தட்டு, இரண்டு பெண்கள், எச்சில் பிரச்சினை. அன்றைக்கு அவள் குடித்தாள், நான் மணந்தேன், பிரச்சினை வரவில்லை. மாலதி யோசிக்கவே இல்லை. கிளாஸை உயர்த்தினாள், அண்ணாந்தாள், உதட்டில் படாமல் ஊற்றிக்கொண்டாள். ஒரு துளி சிந்தவில்லை. நானும் அப்படியே. பல வருடங்களுக்குப் பிறகு. என்னிலும் சிந்தவில்லை.

ஊற்றிக்கொடுத்தவர் வயதான வெள்ளைக்காரர். கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. இத்தனை வருடத்தில் இப்படி யாரும் குடித்ததைப் பார்த்ததில்லை, ஆனால் இப்படிக் குடித்தால் மணம் முழுக்கப் போய்விடுமே என்றார். மாலதி என்னைப் பார்த்தாள். எனக்கு மணமே தெரியாது என்று அவரிடம் சொன்னேன். அவ்வளவு சுலபமாக.

அவர் ஐயோ பாவம் என்று பார்க்கவில்லை. மூன்று சிவப்பு வைன் எடுத்து வைத்தார். வாய் என்ன சொல்கிறது, அதை மட்டும் சொல்லுங்கள் என்றார்.

முதலாவது லேசாக. இரண்டாவது பல்லைப் பிடித்தது, பச்சை வாழைக்காயைக் கடித்த மாதிரி. மூன்றாவது நல்ல பிள்ளை போல உள்ளே போய், பிறகு மெல்லப் பிடித்தது.

"கயர்க்குது," என்றேன் மாலதியிடம்.

"துவர்க்குதுன்னு சொல்லுங்கக்கா."

"அதுதான் இது."

"அப்ப அதையே சொல்லலாம்ல?"

அவர் பொறுமையாக நின்றார். எங்களுக்கு இது ஒரு தனிச் சுவை, ஆறில் ஒன்று, என்று சொன்னேன். சொல்லைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். ஆளுக்கொரு சொல் சொன்னோம். குழம்பிப்போனார். எது இளையது என்று கேட்டார். இரண்டாவது என்றேன். அதுதான் சரி என்றார்.

பழம், புகை, தோல் எதையும் நான் நம்பியதில்லை. இதை நம்பினேன். என் வாயில் நடந்தது. கனகாலத்துக்குப் பிறகு ஒன்றை ருசித்துக் குடித்தேன். எழுதி வைக்கிறேன்: சந்தோஷமாக இருந்தது.

மூன்றாவதில் ஒரு போத்தல். திரும்பும் படகில் மாலதி: "முன்ன பின்ன தெரியாத வெள்ளைக்காரர்கிட்ட சொல்லிட்டீங்க. கட்டினவர்கிட்ட சொல்ல மாட்டீங்களா?"

வீட்டுக்கு வர இவர் தூங்கிவிட்டார். நிம்மதி. அதற்காக வெட்கம்.

பெப்ரவரி 23, ஞாயிறு

மழை. கோழிக்கறி. இவர் உள்ளே வந்து தண்ணீர் பிடித்து அடுப்பருகே நின்றார். நேற்று வாங்கிய போத்தலைத் திறந்து கொஞ்சம் ஊற்றி அவரிடம் நீட்டினேன். கலியாண வீடுகளில் மட்டும் குடிக்கிறவர். மூக்கை வைத்து நிதானமாக இழுத்தார். கறுவாப்பட்டை மாதிரி இருக்குது, அடியில ஈர மரம் என்றார். நான் கேட்கவில்லை. என்னிடம் நீட்டவும் இல்லை.

"எனக்கு மணம் தெரியிறேல்லையப்பா. கன நாளா."

"ஓம்," என்றார். கறியைக் கிளறினார். "பின்ன நான் ஒவ்வொரு நாளும் தண்ணி குடிக்கவே இஞ்ச வாறனான்?"

முதலில் கோபம். இத்தனை நாளும் என்னை வேவு பார்த்திருக்கிறார். பிறகு, குடிக்காமல் வைத்துப் போன அத்தனை கிளாஸும் நினைவுக்கு வந்தன. கழுவும்போது நான் திட்டியதும்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீர் சொல்லேல்லை. அப்ப நானும் சொல்லேல்லை."

இவர் வேறொன்றும் கேட்கவில்லை. தலையணை எடுத்து வரவும் இல்லை. ஒரு வாய் குடித்துவிட்டு ஒன்றுமில்லையே என்றார். பொறுங்கோ, பிறகுதான் கயர்க்கும் என்றேன். பொறுத்தார். புருவம் ஏறியது.

அடுத்த முறை தானும் வரட்டே என்றார், மணந்து சொல்ல ஆள் வேணுமெல்லோ. மூன்று பேருக்கும் ஒரே தட்டுத்தான், எச்சில் படாமல் அண்ணாந்து குடிக்கத் தெரிந்தால் வரலாம் என்றேன். இது என்ன பெரிய வித்தை என்று, அடுப்பருகே வைத்திருந்த கிளாஸை எடுத்தார்.

இன்றைக்குத்தான் உண்மையாகவே தண்ணீர் குடித்தார். பாதி சட்டையில்.