ஸ்மார்ட் போர்டுக்கு வைத்த பொட்டு

புதுச்சத்திரம்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்புள்ள பிரீத்திக் கண்ணுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீ அங்கே டப்ளின் குளிரில் சளி இருமல் அண்டாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டு ஆரம்பிக்கிறேன். பருப்புப் பொடியும் கொள்ளுப் பொடியும் நாளைக்குப் பார்சலில் போகிறது, அதற்குள்ளேயே இந்தக் கடிதத்தையும் வைத்துவிடுகிறேன். பொடியை எடுக்கும்போது ஈரக் கரண்டி போடாதே. போன புதன்கிழமை நீ கூப்பிட்டபோது இரண்டு முறை கட் செய்தேன் அல்லவா, அம்மாவுக்கு என்மேல் என்ன கோபம் என்று அப்பாவிடம் கேட்டாயாம். கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில் போனில் வந்த ஒரு சேதியைப் படித்துவிட்டு, பேசுகிற நிலையில் இல்லை. ஏன் என்று முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி.

அதற்கு முன்னால் வீட்டுச் சேதி. அப்பாவின் லாரி பாடி பட்டறையில் ஒரே நேரத்தில் இரண்டு வண்டி வந்து நிற்கிறது, வெல்டிங் ஆள் ஒருவர் லீவு, அதனால் அவரே ஏணியில் ஏறி இறங்கி, சாயங்காலம் முட்டியைப் பிடித்துக்கொண்டு வருகிறார். நான் சொன்னால் காதில் ஏறாது, நீ ஒரு வார்த்தை சொல். எதிர்வீட்டு மாரக்காள் மகளுக்குத் தை மாதம் கல்யாணம், பிரீத்தி வருவாளா என்று பார்க்கும்போதெல்லாம் கேட்கிறாள். சரி, இதெல்லாம் இருக்கட்டும், என் கதைக்கு வருகிறேன், எனக்குப் பொறுக்கவில்லை.

ஜூன் மாதம் சேலத்தில் ஒரு பயிற்சிக்குப் போனேனே, அங்கே என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தனப்பிரியா என்கிற தர்மபுரி ஆசிரியை என்னை ஒரு வாட்ஸப் குழுவில் சேர்த்துவிட்டாள். புதன் வகுப்பு என்று அதற்குப் பெயர். பல மாவட்டத்து ஆசிரியர்கள் நானூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள். புதன்கிழமை சாயங்காலம் ஏழிலிருந்து எட்டு வரைதான் பேச்சு. வகுப்பறையில் போனையும் போர்டையும் கம்ப்யூட்டரையும் வைத்து என்ன செய்யலாம் என்று ஒரு கேள்வி போடுவார்கள், அவரவர் செய்து பார்த்ததை எழுத வேண்டும். குட்மார்னிங் பூப்படம் போட்டால் வெளியே அனுப்பிவிடுவார்கள். முதல் மாதம் நான் வாயே திறக்கவில்லை, ஒற்றை விரலில் தட்டி முடிப்பதற்குள் பேச்சு எங்கேயோ போய்விடும். முப்பது வருஷம் அறிவியல் நடத்திவிட்டோம், இனிமேல் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன் கண்ணு, அங்கே போனால் நான் ஒன்றாம் வகுப்பு. இரண்டு புத்தக அடுக்குக்கு நடுவில் ஸ்கேலை வைத்து, அதன்மேல் போனைப் படுக்க வைத்து, கீழே செம்பருத்திப் பூவை அறுத்து வைத்தால் சூல்பை போர்டு அகலத்துக்குத் தெரியும் என்று ஒருவர் எழுதினார். மறுநாளே செய்தேன். கடைசி பெஞ்சு மொத்தமும் எழுந்து முன்னால் வந்துவிட்டது. அன்று வீட்டுக்கு வந்து சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது, அப்பா, ஏம்புள்ள, இப்பத்தான் புதுசா வேலைக்குச் சேந்தவளாட்டப் பேசற என்று சிரித்தார்.

அந்த ஸ்மார்ட் போர்டைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன், போன வருஷம் பள்ளிக்கு வந்தது, நம் வீட்டுக் கட்டில் அகலம் இருக்கும், விரலால் தொட்டு எழுதலாம், அழிக்கலாம். எங்களில் அதை நன்றாகக் கையாளத் தெரிந்தவள் வித்யா ஒருத்திதான். அவள் ராசிபுரத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண், இருபத்தாறு வயது, பள்ளி மேலாண்மைக் குழு வைத்த தற்காலிக ஆசிரியை. காலாண்டு லீவு முடிந்து பள்ளி திறந்த முதல் நாள் அவள்தான் போர்டைப் போட்டாள். ஒரு இடத்தில் தொட்டால் இன்னொரு இடத்தில் கோடு விழுகிறது, யாரும் தொடாமலே தானாகக் கோடு ஓடுகிறது, கடைசியில் என்ன தொட்டாலும் அசையவில்லை. படம் மட்டும் தெரிந்தது. வித்யா பென்டிரைவ் செருகினாள், அதில் வைரஸ் இருந்திருக்கும், அவள்தான் கெடுத்துவிட்டாள் என்று பேச்சு கிளம்பியது. தலைமை ஆசிரியர் சென்னிமலை அவளிடம் விளக்கம் எழுதி வாங்கினார். அரையாண்டுக்குப் பிறகு அவளை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று வெள்ளிக்கிழமை மேலாண்மைக் குழுவில் முடிவு செய்வதாக இருந்தது. அவள் முதல் இரண்டு நாள், நான் ஒண்ணும் பண்ணலைங்க டீச்சர் என்று எல்லோரிடமும் சொன்னாள், அப்புறம் சொல்வதை நிறுத்திவிட்டாள். நானும் என்ன செய்தேன் தெரியுமா, தப்பு செய்தவள்தான் வாயடைத்துப் போவாள் என்று நினைத்தேன். இதை எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

இப்போது புதன்கிழமைக்கு வருகிறேன். உங்கள் பள்ளியில் சும்மா கிடக்கும் சாதனம் எது, ஏன் என்று அன்றைக்குக் கேள்வி. நான் அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு, எங்க ஸ்மார்ட் போர்டைச் சின்னப் பொண்ணு ஒருத்தி கெடுத்துட்டா, தொட்டால் எழுதாது என்று தட்டினேன். ராமநாதபுரம் பக்கத்து நந்தகுமார் என்று ஒரு ஆசிரியர் உடனே, படம் தெரிகிறதா என்று கேட்டார், தெரிகிறது என்றேன். தானாகக் கோடு ஓடுகிறதா என்றார், ஆமாம் என்றேன். அப்படியென்றால் போர்டு கெடவில்லை டீச்சர், கண்ணாடியைச் சுற்றி இருக்கும் கறுப்பு விளிம்பில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா பாருங்கள், ஸ்டிக்கர், சாக்பீஸ் தூள், பல்லி முட்டை, எதுவாக இருந்தாலும் சரி என்றார். அந்த விளிம்புக்குள் வரிசையாகச் சின்னச் சின்ன விளக்குகள் இருக்கின்றனவாம், நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போய்க்கொண்டே இருக்குமாம். விரல் குறுக்கே வந்தால் கதிர் மறையும், அதை வைத்துத்தான் எங்கே தொட்டோம் என்று போர்டு கண்டுபிடிக்கிறது. விளிம்பில் ஏதாவது ஒட்டிக்கொண்டால் எப்போதும் ஒரு விரல் அங்கே இருப்பதாக நினைத்துக் குழம்பிவிடும். அகச்சிவப்புக் கதிரை நான் வருஷா வருஷம் பாடம் நடத்துகிறேன் கண்ணு! படித்ததும் எனக்குப் பளிச்சென்று ஞாபகம் வந்தது. ஆயுத பூஜைக்கு அந்தப் போர்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தது நான். பட்டறையில் லேத்துக்கும் டிரில்லுக்கும் வைக்க அப்பா கெட்டியாகக் குழைத்த சந்தனத்தில் ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு போய், கண்ணாடியில் வைத்தால் கறை பிடிக்குமே என்று மகா கெட்டிக்காரத்தனமாக யோசித்து, கறுப்பு விளிம்பில், பக்கத்துக்கு மூன்றாகப் பன்னிரண்டு பொட்டு வைத்தேன். குங்குமம் உதிர்ந்துவிட்டது, சந்தனம் காய்ந்து தோல் மாதிரி ஒட்டிக்கொண்டது, லீவு முடிந்ததும் ஆயா கண்ணாடியை மட்டும் துடைத்தார்கள், விளிம்பை யார் பார்த்தார்கள்? நீ கூப்பிட்டது அந்த நிமிஷம்தான். குழம்பும் அடிப்பிடித்துவிட்டது.

அப்பாவிடம் சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம், உன்ற வேலையப் பாரு, எனத்துக்கு இதைய வெளிய சொல்லீட்டு, காலைல நேரமே போய்த் தொடச்சு உடு, தானா நின்னுச்சு, தானா வந்துருச்சுன்னு சொன்னா ஆரு கேக்கப்போறாங்க என்றார். என் மரியாதை கெடக்கூடாது என்றுதான் சொன்னார், எனக்கும் ஒரு நிமிஷம் அது சரியென்று பட்டது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தானாக வந்துவிட்டது என்று சொன்னால், வித்யா கெடுத்தது தானாகச் சரியாகிவிட்டது என்றுதானே எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். அவள் பேரில் இருக்கிற கறை அப்படியே நிற்கும். அதை நான் சொன்னதும் அப்பா பட்டறையிலிருந்து ஒரு மெல்லிய பிரஷ்ஷைக் கொண்டுவந்து என் பையில் வைத்தார்.

வியாழக்கிழமை எட்டேகாலுக்கே பள்ளிக்குப் போய்விட்டேன். நந்தகுமார் சார் எழுதியிருந்தபடி போர்டை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, காய்ந்த பிரஷ்ஷால் மெதுவாக உதிர்த்து, லேசாக நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தேன். பன்னிரண்டையும் எண்ணித் துடைத்தேன். ஈரம் உலரக் கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், அந்தக் கால்மணி நேரம் ஒரு யுகம். ஸ்விட்சைப் போட்டு விரலை வைத்து இழுத்தால் கோடு என் விரல் பின்னாலேயே வருகிறது கண்ணு, பள்ளிக்கூடத்தில் யாரும் இல்லை என்கிற தைரியத்தில் நான் ஒரு குதி குதித்தேன். அப்புறம் தலைமை ஆசிரியரும் மற்றவர்களும் வித்யாவும் வரும்வரை காத்திருந்து, எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சொன்னேன். போர்டைக் கெடுத்தது நான், பழி இந்தப் பெண்மேல் விழுந்தது, நானும் சேர்ந்து அதை நம்பினேன், வாட்ஸப் குழுவிலும் எழுதினேன் என்றேன். சென்னிமலை சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, பொட்டு வச்சது நீங்கன்னா, கற்பூரம் காட்டுனது நானுங்க டீச்சர் என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். வித்யா மட்டும் சிரிக்கவில்லை. நான் அவள் கையைப் பிடித்து மன்னித்துக்கொள் என்றேன். அவள் அழுதுகொண்டே, மன்னிப்பெல்லாம் எனத்துக்குங்க டீச்சர், எல்லாரும் சொல்லச் சொல்ல நாந்தான் கெடுத்துப்போட்டேன்னு நானே நம்பிட்டனுங்க, எந்த எடத்துல தப்பாத் தொட்டேன்னு தெனமும் யோசிச்சுட்டே இருந்தனுங்க என்றாள்.

விளக்கக் கடிதத்தை சார் அப்போதே அவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை மேலாண்மைக் குழுவில் நானே எழுந்து பேசினேன், வருஷம் முடியும்வரை வித்யா இருக்கிறாள், அதில் மாற்றமே இல்லை. அன்று மத்தியானம் நாங்கள் இருவரும் சேர்ந்து எட்டாம் வகுப்புக்கு முட்டை காட்டினோம். பண்ணைக் கொட்டகை முட்டையில் குஞ்சு வளரும் கரு இருக்காது, அதனால் அடைகாக்கும் நாட்டுக்கோழிக்கு அடியிலிருந்து ஒரு பிள்ளை துணியில் சுற்றிக் கொண்டுவந்தது. ஜன்னலைச் சாத்தி, முட்டைக்கு அடியில் டார்ச் அடித்து, போன் கேமராவில் போர்டுக்கு அனுப்பினோம். சிவப்பு நரம்பு கிளை கிளையாக, நடுவில் ஒரு புள்ளி துடிக்கிறது! கோழிப் பண்ணையிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். வித்யா அந்தப் புள்ளியைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டாள், வட்டம் பிசகாமல் விழுந்தது. அடுத்த புதன் வரை பொறுக்காமல், நடத்துகிறவர்களிடம் கேட்டுக்கொண்டு, வாட்ஸப் குழுவிலும் என் பேர் போட்டே எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். அரைமணி நேரத்தில் பதினோரு பேர், எங்கள் பள்ளியிலும் பொட்டு வைத்தோம், அதுதானா காரணம் என்று எழுதினார்கள். ஒருவர் எலுமிச்சம்பழமே ஒட்டவைத்தாராம். அடுத்த புதன்கிழமைக்குக் கேள்வி போடும் முறை எனக்கு வந்திருக்கிறது, நாம் செய்த தப்பு எது என்று கேட்கப்போகிறேன்.

சந்தோஷமாகத்தான் இருக்கிறேன் கண்ணு, ஆனால் வித்யா சொன்னது என்னை விடவில்லை. நீ ஒன்பதாவது படிக்கும்போது புதுக் கம்ப்யூட்டர் இரண்டாம் மாதமே இருண்டுபோனது. கேம்ஸ் போட்டுக் கெடுத்துவிட்டாய் என்று சத்தம் போட்டேன். நான் இல்லைம்மா என்று இரண்டு தடவை சொன்னாய், மூன்றாவது தடவை சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் நீதான் கெடுத்தாய் என்று சொன்னேன். அதற்கப்புறம் வீட்டில் எது புதிதாக வந்தாலும் அப்பா போடட்டும் என்று நீ தள்ளி நிற்பாய், நான் அதை அடக்கம் என்று நினைத்துப் பெருமைப்பட்டேன். கம்ப்யூட்டரைக் கெடுத்தது யார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தெரியாமலேயே உன்மேல் போட்டேன், நீ சொன்னதைக் கேட்கவில்லை. நீயும் உன்னையே நம்பாமல் போய்விட்டாயா சாமி? அம்மாவை மன்னித்துவிடு.

அப்பா உனக்கு ஆசி சொல்லச் சொன்னார். நீ நீண்ட ஆயுசோடு, கைவைத்தது துலங்க, மனசில் பயமில்லாமல் இருக்க வேண்டும். இரும்புச் சத்து மாத்திரையை விட்டுவிடாதே. இந்தக் கடிதத்துக்குப் பதிலை எழுதியே அனுப்பு, அன்றைக்கு என்ன நடந்தது என்று எவ்வளவு நீளமாக வேண்டுமானாலும் எழுது. நான் நடுவில் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

உன் அன்புள்ள அம்மா,
பெரியநாயகி முருகானந்தம்