வெள்ளைக்கவி என்றொரு பட்டம்

6 பெப்ரவரி 1972, ஞாயிறு, பதுளை

நகர மண்டபக் கவியரங்கில் நான் பாடி முடித்ததும் தலைவர் நல்லையா மாஸ்டர் எழுந்து, "நம்ம துணிக்கடை ஹுமைத் ஒரு வெள்ளைக்கவி" என்றார். முன்வரிசை சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் தெமோதரைத் தோட்டப் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறவர். பாராட்டித்தான் சொல்லியிருப்பார்.

படுக்கையில் கிடந்த ஸுபைராவிடம் சொன்னேன். "வெள்ள மனசுக் கவிஞர் எண்டுதானே? ஒங்களுக்குப் பட்டம் கெடச்சிருக்கு!" நெஞ்சு வருத்தம் வந்து படுத்த பிறகு என் மனைவி இப்படிச் சிரித்ததில்லை.

9 பெப்ரவரி

அடுத்த வீட்டு றஷீனா முதல் பால்காரர் வரை எல்லாருக்கும் ஸுபைரா என் பட்டத்தைச் சொல்லிவிட்டாள்.

12 பெப்ரவரி, சனி

மத்தியானம் நூல்நிலையத்தில் அகராதியைப் புரட்டினேன். வெள்ளைக்கவி — பொருட்சிறப்பில்லாத பாட்டு, அதைப் பாடுகிறவன்.

'வெள்ளை' என்பதன் கீழ் கள்ளமின்மையும் இருந்தது, அறிவின்மையும் இருந்தது. பழைய புலவர்கள் இரண்டாவதைத்தான் எடுத்திருக்கிறார்கள். நிறத்தின் பெயர் மடமைக்கு எப்படிப் போனது? ஒன்றும் எழுதாத தாள் மாதிரி மூளை என்றா?

இருபது வருசமா எழுதுறேன். கல்யாண வாழ்த்து, மையித்து வீட்டுக்கு இரங்கற்பா — கேட்டவங்களுக்கெல்லாம். அப்ப, அவ்வளவும்?

அவளுக்கு எப்படிச் சொல்வது?

13 பெப்ரவரி

சொல்லவில்லை.

27 பெப்ரவரி, ஞாயிறு

ஸுபைராவைச் சுகம் விசாரிக்க மாஸ்டர் வந்தார். அவள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "எங்கட மனுசனுக்குப் பட்டம் தந்தது நீங்கதானே மாஸ்டர்? ஒங்களுக்காக எத்தின துஆ கேட்டிருப்பேன்."

மாஸ்டர் என்னைப் பார்த்தார். தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "ஆமாங்க தங்கச்சி. நான்தான் குடுத்தேன்."

"அதுக்குக் கருத்து என்ன? ஒங்கட வாயால சொல்லுங்களேன்."

"கள்ளம் இல்லாதவருன்னு அர்த்தங்க."

பொய்யில்லை. முழு உண்மையுமில்லை.

வாசலில் என் கையைப் பிடித்தார். "சபைய சிரிக்க வைக்கச் சொன்னதுங்க. மன்னிச்சுக்கங்க." நான் தலையை ஆட்டினேன்.

19 மார்ச்

ஸுபைரா மவுத்தாகிவிட்டாள். அஸர் தொழுகைக்குச் சற்று முன்னர். என் கை அவள் கையில்தான் இருந்தது.

2 ஏப்ரல், ஞாயிறு

பத்திரிகைக்கு இரங்கற்பா வாங்கிப்போக ஸுபைராவின் தம்பி அலவி வந்தான். "ஊருக்கெல்லாம் எழுதினீங்க மச்சான், எங்கட ராத்தாவுக்கு எழுதாம இருப்பீங்களா?"

உட்கார்ந்தேன். 'மதிமுகத்தாள்' என்று உடனே வந்தது. எதுகைக்கு 'விதி' வந்தது, 'கதி' வந்தது. இத்தனை வருடமும் இறந்த பெண்கள் எல்லாருக்கும் இதையேதான் போட்டிருக்கிறேன்.

அவள் முகம் மதியா? அம்மைத் தழும்பு விழுந்த முகம். வெட்டினேன்.

கீழே எழுதினேன்: மூச்சு முட்டிய நாளிலும் என் சட்டைக்குப் பொத்தான் தைத்தாள்.

எதுகை தேடவில்லை. அதற்குமேல் எழுதவும் முடியவில்லை.

அலவியிடம் அவள் பெயரும் தேதியும் மட்டும் கொடுத்தனுப்பினேன். அந்த வரியைக் கொடுக்க மனம் வரவில்லை.