உங்கள் தொடையில் வைத்த குழாய்

சம்பந்தி,

போன வாரம் கள்ளக்குறிச்சியில் டாக்டர் என் கையில் ஒரு துண்டுக் குழாயைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். வெள்ளையாக, மடிப்பு மடிப்பாக, துணி மாதிரி இருந்தது. என் இடது காலிலும் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டதாம், இதைத்தான் வைக்க வேண்டுமாம். உங்களுக்கு வைத்ததும் இதே ரகம். காலமெல்லாம் மோட்டார் கொட்டகைகளில் பைப் மாட்டிய கை, அந்தத் துண்டைப் பிடிக்க முடியாமல் மேஜைமேல் வைத்துவிட்டது.

பீடி நம் இருவருக்கும் பொது. அடைப்பு மட்டும் உங்களுக்கு முந்திக்கொண்டது. கச்சிராயபாளையத்தில் கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போனால் வரப்புக்கு வரப்பு உட்கார்ந்துவிடுவீர்கள். ஆபரேஷனுக்கு உங்களைச் சம்மதிக்க வைக்க என்னைத்தான் அனுப்பினார்கள். எட்டாம் வகுப்புப் படித்த நான் பாதி டாக்டராகி வந்து உட்கார்ந்தேன்.

"வெளிச் சாமான உள்ள வெச்சா, பின்னால கட்டி கிட்டி வராதுங்களா? டாக்டர ஒரு வார்த்த கேக்கலாம்னு இருக்கறேன்" என்றீர்கள்.

நான் கேட்க விட்டேனா? "உங்க கெணத்துல நான் எறக்குன பைப்புக்கு இன்னா கட்டியா வந்துச்சி? ஓஸ் அடச்சா மாத்தறோம், அவ்ளோதாங்க சம்பந்தி."

வீடே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். பெண்ணைக் கொடுத்தவர், பையனைப் பெற்றவன் பேச்சைத் தட்டக் கூடாது என்று நினைக்கிற ஆள் நீங்கள். என் வீட்டில் உப்பு ஜாஸ்தியான குழம்பைக்கூட இன்னொரு கரண்டி கேட்டு வாங்கியவர். அன்றைய சிரிப்பும் அந்தக் குழம்பு மாதிரிதான் என்று எனக்கு உறைக்கவில்லை. டாக்டரிடம் நீங்கள் எதுவும் கேட்கவே இல்லை.

குழாய் வைத்த பிறகு கால் நன்றாக நடந்தது. வெள்ளிமலைச் சந்தையில் எனக்கு முன்னால் வேகமாகப் போவீர்கள். நானே வைத்த குழாய் என்பதுபோல் ஊரெல்லாம் பெருமை பேசினேன். சில வருஷம் கழித்து, குழாய் இருந்த இடத்திலேயே கட்டி வந்தது. புற்றுநோய்.

இப்படிக் குழாய் வைத்த இடத்தில் வருவது ரொம்ப அபூர்வம், குழாயால்தான் வந்தது என்றும் சொல்ல முடியாது, அன்று வைக்காவிட்டால் காலே போயிருக்கும் என்றார் டாக்டர். முன்னாலேயே கேட்டிருந்தாலும் ஏறக்குறைய இதைத்தான் சொல்லியிருப்பார். நீங்களும் சரி என்றிருப்பீர்கள். ஆனால் அது உங்கள் சரியாக இருந்திருக்கும்.

படுக்கையில் கிடந்தபோதும், நான் வந்தால் எழுந்து உட்காரப் பார்ப்பீர்கள். கடைசிவரை அந்தக் கேள்வியை ஞாபகப்படுத்தவே இல்லை. ஒருமுறை திட்டியிருக்கலாம்.

போன வாரம் என்கூட வந்தது உங்கள் மகள்தான். இந்தத் தடவை உங்கள் கேள்வியை நான் கேட்டேன், கட்டி கிட்டி வராதா என்று அப்படியே. டாக்டர் பழைய பதிலையே சொன்னார். நான் உங்கள் மகள் பக்கம் திரும்பி, "நீ இன்னாம்மா சொல்ற?" என்றேன்.

"வெச்சிக்கங்க மாமா. அப்பா அதோட நல்லாத்தான நடந்துகினு இருந்தாரு" என்று சிரித்தாள்.

உங்கள் சிரிப்பேதான். மனசோடு சொன்னாளா, மாமனாரிடம் வேறென்ன சொல்வது என்று சொன்னாளா, எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளும் திறமை இருந்திருந்தால் உங்களிடமே தெரிந்துகொண்டிருப்பேன்.

திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுத்தாள். ஜன்னல் காற்று எனக்கு ஆகாது, கழுத்துப் பிடித்துக்கொள்ளும். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. எங்கள் ஊர் நைனார்பாளையம் வரைக்கும் சிரித்த முகமாகவே உட்கார்ந்து வந்தேன், சம்பந்தி.