பஞ்சு நனைக்கவில்லை

ஜூன் 3, செவ்வாய்

பாத்ரூமில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா கண்ணில் இது பட்டால் தீர்ந்தேன். திட்ட மாட்டார், சத்தமாக வாசித்துக் காட்டிச் சிரிப்பார். அதற்கு அடியே தேவலை.

இன்றும் தம்பியின் மெத்தை ஈரம். இன்றும் அதே பேச்சு: "பஞ்சு வந்து ஒண்ணுக்குப் போயிடுச்சுப்பா."

அப்பா நம்பிவிட்டார். அவருக்கு வாசனையே தெரியாது. சோபாவும் மெத்தையும் தைக்கிற பட்டறையில் இத்தனை வருஷமாகப் பசையை முகர்ந்து மூக்கு செத்துவிட்டது. அடுப்பில் பால் தீய்ந்தால்கூட நாங்கள்தான் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும்.

எங்கள் பூனை பஞ்சு ராத்திரி முழுக்க என் காலடியில்தான் கிடந்தாள். அவள் குட்டி ஆணி என் கழுத்தோரம். ரிப்பேருக்கு வந்த ஒரு பழைய சோபாவைப் பிரித்தபோது உள்ளே பஞ்சோடு பஞ்சாகச் சுருண்டிருந்தவள் அவள். பேர் வைத்ததே அப்பாதான். குட்டிக்கு ஆணி என்று பேர் வைத்தது நான். என் கையில் உள்ள கீறல்களைப் பார்த்தால் காரணம் புரியும்.

ஜூன் 4

மறுபடியும் நனைந்தது. மறுபடியும் பஞ்சு மாட்டிக்கொண்டாள்.

ஜூன் 6, வெள்ளி

சாப்பிடும்போது அப்பா சொன்னார்: "ஞாயித்துக்கிழமை ஊருக்கு வெளிய ஒரு குடோனுக்கு மெத்தை ஏத்திட்டுப் போறேன். ரெண்டு பூனையையும் அங்க விட்டுட்டு வந்துடறேன். எலி நிறைய இருக்காம்." பிறகு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "இந்த வீட்டு எலியதான் அதுங்களால ஒண்ணும் பண்ண முடியல."

எலி என்றால் நான். யாராவது குரலை உயர்த்தினால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். அதனால் வந்த பேர்.

தம்பி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். காதெல்லாம் சிவப்பு. ஆறு வயதுதான். ஆனால் அப்பாவுக்கு அவன் சிங்கம். "என் சிங்கம் எதுக்கும் பயப்பட மாட்டான்" என்று பட்டறைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லுவார். சிங்கம் படுக்கையை நனைக்குமா?

ஆணி இன்னும் பால் குடிக்கிறது. குடோனில் அது என்ன செய்யும்? இதை அப்பாவிடமே கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை? எலியாவது, கேட்பதாவது.

ஜூன் 7, சனி

துணி காயப்போடும்போது அம்மாவிடம் காதோடு காதாகச் சொன்னேன். "அம்மா, அது பஞ்சு இல்ல. தம்பி."

கிளிப்பைப் பல்லில் கடித்தபடி, "தெரியும்" என்றாள்.

தெரியுமாம்! நான் ஒரு மடச்சி. அம்மா லாண்டரியில் வேலை பார்க்கிறவள். எந்தத் துணியில் எது கொட்டியது என்று தூர நின்றே சொல்லிவிடுவாள். அவளுக்கா தெரியாது?

"அப்ப ஏம்மா சொல்லல?"

"சொன்னா? உங்கப்பா அடிக்க மாட்டார்டி. கேலி பண்ணுவார். வர்றவன் போறவன்கிட்ட எல்லாம் சொல்லிச் சிரிப்பார். புள்ள கூனிப் போயிடுவான். பூனைக்கென்ன, எங்கயாவது பொழைச்சுக்கும். இவன் எங்கடி போவான்?"

"ஆணி குட்டிம்மா."

"இவனும் குட்டிதான்."

ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு குட்டிக்காக இன்னொரு குட்டியைத் தூக்கிப் போடுவதா? முடியாது. முடியாது முடியாது முடியாது. பேனா தாளைக் கிழித்துவிட்டது. கிழியட்டும்.

தம்பியையும் மாட்டிவிட மாட்டேன். அப்படியென்றால் வேறு யார்?

ஒருத்தி இருக்கிறாள்.

ஜூன் 8, ஞாயிறு

எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறது.

காலையில் அப்பா பஞ்சுவையும் ஆணியையும் அட்டைப்பெட்டியில் போட்டார். மூச்சுவிட ஓட்டை வேறு போட்டார் — அதில் மட்டும் அக்கறை! வேனில் மெத்தைகளுக்கு நடுவே பெட்டியை வைத்தார். பஞ்சு கத்தவில்லை. ஆணிதான் கத்தியது. நான் வேனில் ஏறிப் பெட்டியைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்துவிட்டேன்.

"எறங்கு எலி. நேரமாகுது."

"மாட்டேன்."

"என்னது?"

"மாட்டேன்ப்பா. பஞ்சு ஒண்ணும் பண்ணல. நான்தான்."

"என்ன நீதான்?"

"நான்தான் நனைச்சேன். ராத்திரி பயமா இருந்தா தம்பி மெத்தையில போய்ப் படுத்துப்பேன். அப்ப."

பக்கத்துக் கடையில் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்த பூட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

அப்பா சிரித்தார். "பதிமூணு வயசுலயா?"

"ஆமா, பதிமூணு வயசுலதான். சிரிக்கணும்னா என்னைப் பார்த்து நல்லா சிரிங்க. பூனையைக் கொண்டுபோனா நானும் வரேன். என்னையும் அந்தக் குடோன்லயே எறக்கி விட்டுடுங்க."

இதையெல்லாம் நானா சொன்னேன்? வாய் நிற்கவே இல்லை.

அப்பாவின் சிரிப்பு நின்றது. வாசலில் அம்மா. அவளுக்குப் பின்னால் பாதி முகமாகத் தம்பி. அப்பா அவர்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பெட்டியோட எறங்கு," என்றார்.

ஜூன் 9

அப்பா ஈரம் இறங்காத ரெக்சின் வெட்டி என் மெத்தை மேல் விரித்துவிட்டார். இனிமேல் தம்பி மெத்தைக்குப் போகக் கூடாதாம். புரண்டால் சருகை மிதிப்பது போலச் சத்தம்.

பள்ளிக்கூடம் போகும்போது பூட்டுக்காரர் ஒரு மாதிரி சிரித்தார். முறைத்தேன். அவர் குனிந்து கையிலிருந்த பூட்டை ஆராயத் தொடங்கிவிட்டார். அட!

ஜூன் 11

தம்பி என்னோடு பேசுவதே இல்லை. ஆணியிடம் மட்டும் என்னவோ குசுகுசுக்கிறான்.

ஜூன் 13, வெள்ளி

நேற்று விளக்கை அணைத்த பிறகு தம்பி தலையணையோடு வந்து நின்றான்.

"அக்கா, மாத்திப் படுக்கலாமா?"

"அது சத்தம் போடும்டா."

"போடட்டும்."

மாறிப் படுத்தோம். காலையில் எழுப்ப வந்த அப்பா ரெக்சின் மேல் சிங்கம் கிடப்பதைப் பார்த்துவிட்டார். நான் போர்வைக்குள்ளிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிக்கட்டும், இன்றைக்கு ஒரு கை பார்த்துவிடுகிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு.

அப்பா குனிந்து தம்பியின் கால்சட்டையைத் தொட்டுப் பார்த்தார். மூக்குதானே செத்தது, கைக்கு ஈரம் தெரியுமே. பிறகு எங்களை எழுப்பாமலே கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

ஜூன் 15, ஞாயிறு

லீவு நாளிலும் பட்டறையில் தையல் மெஷின் ஓடியது. உள்ளே ரெக்சின், மேலே மெத்தென்ற பருத்தித் துணி என்று வைத்து அப்பா ஒரு விரிப்பு தைத்துக்கொண்டிருந்தார். கசக்கிப் பார்த்தேன். சத்தமே இல்லை.

"யாருக்கு இது?" என்று அம்மா கேட்டாள்.

"பூனைக்கு," என்றார் அப்பா, தலையைத் தூக்காமல்.

தம்பியின் மெத்தைக்குக் கச்சிதமாக இருந்தது பூனையின் விரிப்பு. ஆணி முதல் ஆளாக ஏறி நகத்தைத் தீட்டியது. "ஏய், புதுசுடி அது!" என்று அப்பா கத்தினார். ஆணி அசையவில்லை. நானும் கதவுக்குப் பின்னால் போகவில்லை.

ஜூன் 17

இன்று காலையும் ஈரம். அம்மா துணியை நனைத்துத் துடைத்தாள். பஞ்சு ஜன்னலில் உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டிருந்தாள். அவள் பேரை யாரும் எடுக்கவில்லை.

அப்பா போகிற போக்கில் தம்பியின் தலையைக் கலைத்துவிட்டுச் சொன்னார்: "எந்திரி சிங்கம், ஸ்கூலுக்கு நேரமாச்சு."