படகு இடதுபக்கம் சாயட்டும்

ஜனவரி 4, ஞாயிறு

இன்றும் அலை இல்லை. நுரைதான்.

மூன்று நீல டிரம்மில் தண்ணீர் நிரப்பிப் படகின் பின்பக்கம் ஏற்றினேன். மூக்கு வானத்தைப் பார்த்தது, எஞ்சின் அலறியது, பின்னால் வெள்ளையாகக் கலங்கிய தண்ணீர். திரும்பி வரும்போது ஒரு டிரம் உருண்டு என் முழங்காலில் மோதியது. நான் திட்டிய திட்டு தொட்டியம் கடைவீதி வரை கேட்டிருக்கும்.

படகைச் சொல்லிக் குற்றமில்லை. தொண்ணூற்றேழாம் வருஷத்துப் படகு, எஞ்சின் நடுவில். சறுக்குக் கட்டையில் நிற்பவர்களை வேகமாக இழுப்பதற்காகச் செய்தது. பின்னால் அலையே எழும்பக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். கேரளாவில் மூடிப்போன ரிசார்ட் ஒன்றின் ஷெட்டில் கோழி அடைந்து கிடந்ததை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். துபாய் படகுத்துறையில் பன்னிரண்டு வருஷம் மெக்கானிக் வேலை பார்த்த திமிர்.

எனக்கு வேண்டியது அதன் பின்னால் இடுப்பளவு அலை. சுபலட்சுமி அதன்மேல் பலகையில் நின்று, இழுகயிற்றைக் கைவிட்டு, அலையின் தள்ளலிலேயே முப்பது விநாடி வர வேண்டும். அந்த வீடியோ 20ஆம் தேதிக்குள் போனால்தான் படகு அலைச்சறுக்குக்கான தேசிய அணித் தேர்வுக்கு அவளைக் கூப்பிடுவார்கள். ஸ்ரீரங்கத்துப் பெண், கே.கே. நகரில் நீச்சல் சொல்லிக்கொடுக்கிறாள், கோவளம் கடலில் பலகை பழகியவள். "கடலுக்குப் போகவே ஒரு நாள் ஆயிடுதுண்ணா. காவிரி வாசல்லயே இருக்கு" என்று அவள் சொன்ன அன்றைக்கே எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது.

ஜனவரி 5, திங்கள்

என் மனைவி நசீராவின் அண்ணன் குத்புதீன் மச்சானுக்கு மலைக்கோட்டைக்குக் கீழே ஜவுளிக்கடை. சும்மா எட்டிப் பார்த்தது என் தப்பு.

"மாப்ள, காவிரியில வெள்ளம் வரும். அலை எங்கேருந்து வரும்? வந்துச்சுன்னா என் மீசையை எடுத்துடுறேன்."

துணி மடித்துக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். தினமும் கால்மணி நேரம் கண்ணாடி முன்னால் நின்று முறுக்கிவிடுகிற மீசை அது. இங்கே எழுதி வைக்கிறேன். மீசை.

ஜனவரி 8, வியாழன்

டிரம் சரிவராது. லாரித் தார்ப்பாய் தைக்கிற பீமராவிடம் நான்கு பெரிய பைகள் தைக்கச் சொன்னேன், தண்ணீர் நிரப்புவதற்கு.

"பையில என்ன பாய் ஊத்தப் போறீங்க?"

"காவிரியை."

"காவிரியிலயேதானே ஓட்டப் போறீங்க?"

"ஆமா."

என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு இரட்டைத் தையலாகவே போட்டுக் கொடுத்தார்.

ஜனவரி 11, ஞாயிறு

அலை வந்தது! வந்து, செத்தது.

எல்லாப் பாரத்தையும் பின்னால் போட்டதுதான் போன வாரத் தப்பு. இன்று இரண்டு பை முன்னால், இரண்டு பை இடது பின்மூலையில். மூக்கு இறங்கியது. படகு இடதுபக்கம் சாய்ந்து ஓட வேண்டும். சாய்கிற பக்கத்தில்தான் அலை நுரைக்காமல் மழமழவென்று எழும்பும். பைகளின் பாரம் போதாமல் இடது ஓரத்தில் மூன்று பேரை உட்கார வைத்தேன். நசீரா, தர்மராஜ், அவர் மனைவி காளியாயி அக்கா. தர்மராஜ் வாழை விவசாயி. படகு நிற்பது அவர் தோட்டத்துக் கரையில்தான். கதவணை தேக்கிய தண்ணீர் அங்கே கண்ணாடியாக நிற்கிறது. எல்லாருக்கும் மிதவை ஜாக்கெட். வேகம் மணிக்குப் பதினேழு கிலோமீட்டர்.

பின்னால் சுபா "வந்துருச்சுண்ணா!" என்று கத்தினாள். பத்து விநாடி. அலை உட்கார்ந்துவிட்டது, அவளும் இடுப்பு வரை தண்ணீரில் இறங்கிவிட்டாள்.

பதினொரு தடவை ஓட்டினேன். பதினொரு தடவையும் பத்து விநாடிதான். எஞ்சின்தான் மூச்சு வாங்குகிறதோ?

ஜனவரி 12, திங்கள்

எஞ்சினுக்குப் பெட்ரோல் அடைத்து வருகிறதோ என்று முதலில் ஃபில்டரைப் பார்த்தேன். மாற்றினேன்.

ஜனவரி 13, செவ்வாய்

கொச்சியிலிருந்து பார்சலில் வந்த, படகைத் தள்ளுகிற புது விசிறியை மாட்டினேன். பாரத்தோடு இழுக்க இதுதான் சரி. நசீரா கேட்கிறாள், "உங்க பொண்டாட்டி வீட்டுல இருக்காளா, ஆத்துல இருக்காளா?"

ஜனவரி 14, புதன்

கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். அதன்மேல் ஒரு தப்பும் இல்லை.

ஜனவரி 15, வியாழன், பொங்கல்

தர்மராஜ் வீட்டில் பொங்கல் சாப்பிட்டுவிட்டு இறங்கினோம். நசீரா வயிறு நிறைந்துவிட்டது என்று கரையிலேயே நின்று போனில் வீடியோ எடுத்தாள்.

அதே பத்து விநாடி. அதே பத்து! எஞ்சினே, இன்னும் என்னத்தத்தான் கழட்டச் சொல்றே நீ? எல்லாத்தையும் மாத்தியாச்சு, இனி என்னைத்தான் மாத்தணும். எல்லாரிடமும் எரிந்து விழுந்தேன். "ஒழுங்கா உக்காருங்கன்னா உக்கார மாட்டீங்களா" என்று தர்மராஜிடமும் கத்தினேன். பொங்கலும் அதுவுமாக, அவர் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு. "நான் உக்காந்துதானே பாய் இருக்கேன்" என்றார் பாவம்.

சுபா தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள், "போதும்ணா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்." அவள் அழுதிருந்தால்கூடத் தேவலை. சிரித்துக்கொண்டே சொன்னாள்.

ஜனவரி 16, வெள்ளி

ஜும்ஆ முடிந்து வந்து படுத்திருந்தேன். நசீரா கூப்பிட்டாள். "என்னங்க, இங்க வந்து இதைப் பாருங்க."

அவள் எடுத்த வீடியோ. படகு இடதுபக்கம் சாய்கிறது, அலை எழும்புகிறது. உடனே தர்மராஜ் உட்கார்ந்தபடியே ஒரு சாண் வலதுபக்கம் நகர்கிறார். அக்கா இன்னொரு சாண். பிறகு இன்னும் கொஞ்சம். படகு நிமிர்கிறது, அலை படுத்துவிடுகிறது. எல்லா ஓட்டத்திலும் இதேதான்.

பரிசலில் வளர்ந்த ஜனம்! பரிசல் ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்கம் நகராவிட்டால் கவிழ்ந்துவிடும். யாரும் சொல்லாமலே உடம்பு நகர்கிறது. நான் முன்னால் பார்த்து ஓட்டுகிறேன், சுபா கண்ணெல்லாம் அலைமேல். யார் கவனித்தது?

"நான் சொன்னேன்ல! ஒழுங்கா உக்காரலைன்னு சொன்னேன்ல!" என்று குதித்தேன்.

"குதிக்காதீங்க. இந்தச் சிவப்புச் சட்டை யாரு?"

ஸ்டீயரிங் வலதுபக்கம். சிவப்புச் சட்டைக்காரன் எழுந்து நின்று, வலது ஓரத்தில் ஒரு காலைத் தூக்கி வைத்து, பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு ஓட்டுகிறான். எண்பத்தெட்டு கிலோ. யா அல்லாஹ்.

வெட்கத்தை விட்டு தர்மராஜுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். "நான் நகரவே இல்லையே பாய்" என்று சாதித்தார். வீடியோவை அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் அவரே கூப்பிட்டார். "அட, ஆமா! நீங்களும்தான் தொங்குறீங்க." சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது.

நாளைக்கு ஒரே ஒரு தடவை வாம்மா என்று சுபாவைக் கெஞ்சிக் கேட்டிருக்கிறேன்.

ஜனவரி 17, சனி, காணும் பொங்கல்

உட்காரப் பொறுமையில்லை, நின்றுகொண்டே எழுதுகிறேன். எழுத்து கோணலாகத்தான் வரும்.

கரையெல்லாம் கட்டுச்சோற்றுக் கூட்டம். குளிக்கிறவர்களை விட்டு வெகுதூரம் தள்ளி நடு ஆற்றுக்குப் போனோம். காரணம் தெரிந்துவிட்டது, உடம்பு கேட்க வேண்டுமே! முதல் ஓட்டத்தில் எல்லாரும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள், பதினைந்து விநாடி. இரண்டாவதில் நசீராவே நகர்ந்துவிட்டாள்.

காளியாயி அக்காதான் வழி சொன்னது. "தம்பி, நகராதேன்னா நகரத்தான் தோணுது. கைக்கு ஒரு வேலை குடுங்க. நாங்க மூணு பேரும் கைய வெளிய விட்டுத் தண்ணியத் தொட்டுக்கிட்டே வரோம். கை தண்ணிய விட்டுச்சுன்னா நகந்துட்டோம்னு எங்களுக்கே தெரிஞ்சுரும்ல?"

எனக்கு இது ஏன் தோன்றவில்லை?

மூன்று பேரும் இடது ஓரத்தில் சாய்ந்து உள்ளங்கையைத் தண்ணீரில் வைத்தார்கள். நசீராவின் மறுகையில் போன், வீடியோ ஓடுகிறது. நான் சீட்டில் உட்கார்ந்து, இரண்டு காலையும் உள்ளே போட்டு, உடம்பை இடதுபக்கம் தள்ளினேன். வேகம் பதினேழு. படகு சாய்ந்தது. இன்னும் சாய்ந்தது. தர்மராஜ் கண்ணை மூடிக்கொண்டு "முருகா, முருகா" என்கிறார், கை மட்டும் தண்ணீரை விடவில்லை. அக்கா சத்தம் போட்டு எண்ண ஆரம்பித்தது. பத்து. பதினொன்று. பன்னிரண்டு!

முன்கண்ணாடிக்கு மேலே இன்று மாட்டியிருந்த, பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியில் பார்த்தேன். படகுக்குப் பின்னால் பச்சைக் காவிரி இடுப்பளவு எழுந்து நிற்கிறது. சுபா கயிற்றைச் சுருட்டிப் படகுக்குள் வீசினாள். கயிறு நசீரா மடியில் வந்து விழுந்தது. கயிறு இங்கே. அவள் அங்கே. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வருகிறாள்!

நாற்பத்தேழு. அக்கா நாற்பத்தேழு வரை எண்ணியது. கரையில் கூட்டம் விசிலடிக்கிறது. நான் அழுதேன். நன்றாகவே அழுதேன், எவன் என்ன கேட்பான்?

வீடியோவை அங்கிருந்தே அனுப்பினோம்.

ஜனவரி 19, திங்கள்

குடும்ப வாட்ஸ்அப்பில் அந்த வீடியோவை நசீரா நான்கு தடவை போட்டிருக்கிறாள். மச்சான் பார்த்துவிட்டார், நீல டிக் விழுந்துவிட்டது.

ஜனவரி 24, சனி

சுபாவைக் கூப்பிட்டுவிட்டார்கள். மார்ச்சில் தேர்வு. போனில் ஒரு வார்த்தையும் பேசவில்லை, கத்தினாள். நானும் கத்தினேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். மாஷா அல்லாஹ்.

ஜனவரி 27, செவ்வாய்

நாளைக்கு மேட்டூரில் தண்ணீரை நிறுத்துகிறார்களாம். ஆற்றில் படகு ஓட்ட நாங்கள் வாங்கிய அனுமதிக் கடிதமும் இன்றோடு சரி. இந்த வருஷத்துக்குக் கடைசி ஓட்டம்.

எஞ்சினைக் கிளப்பப் போகும்போது கரையில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. இறங்கியவர் மூக்குக்குக் கீழே கைக்குட்டையைப் பொத்திக்கொண்டிருந்தார். சட்டை தெரிந்த சட்டையாக இருக்கிறதே என்று பார்த்தேன். தர்மராஜ் கைகொடுத்து ஏற்றிவிட்டார். கைக்குட்டை இறங்கியது. மழுமழுவென்று, பத்து வயது குறைந்த ஓர் ஆள். நசீரா வாயைப் பொத்திக்கொண்டு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

குத்புதீன் மச்சான் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, நேராக இடது ஓரத்துக்குப் போய் உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, உள்ளங்கையைத் தண்ணீரில் வைத்தார்.

"என்ன மாப்ள பாக்குறே? எடு வண்டியை."